புழுதி பின்கதவால்தான் ஏறுகிறது

ஏ9 வீதியிலிருந்து மாங்குளத்திலோ புளியங்குளத்திலோ உள்ளே திரும்பி, தார் முடிந்து கிரவல் தொடங்கும் இடம் வந்ததும், வன்னியில் வாகனம் ஓட்டும் அனேகர் இரண்டு காரியங்களைச் செய்வார்கள். கண்ணாடிகளை முழுவதுமாக உயர்த்துவார்கள். கூடவே, காருக்குள்ளே வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட உள்சுழற்சிப் பொத்தானை அழுத்தி வெளிக்காற்றை அடைத்துவிடுவார்கள். முதலாவது சரியானது. இரண்டாவது, பெரும்பாலான வேளைகளில், புழுதியைத் தடுப்பதற்குப் பதிலாக அதற்கு வழிவிடுகிறது. வெளியே செம்மண் புகைபோல எழும்பிக்கொண்டிருக்கும்போது வெளிக்காற்றைத் திறந்துவிடச் சொன்னால் யாருக்கும் அது விசர்க்கதையாகவே படும். ஆனால் ஓடுகிற வாகனத்தைச் சுற்றிக் காற்று எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சற்று ஆறுதலாகப் பார்த்தால் இதில் முரண் எதுவும் இல்லை.

வாகனம் நிற்கும்போது அதன் எல்லாப் பக்கங்களிலும் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். ஓடத் தொடங்கியதும் அந்தச் சமநிலை குலைந்துவிடுகிறது. பொனட்டின் மேலால் வருகின்ற காற்று முன் கண்ணாடியின் அடியில் முட்டித் தடைப்பட்டு, அங்கே அழுத்தம் கூடுகிறது. வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில் துளைகளுடன் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேப்பஞ் சருகும் புளிய இலையும் சேர்ந்து கிடப்பது அங்கேதான். அதன் கீழேதான் காரின் வெளிக்காற்று வாய் இருக்கிறது. கார்களை வடிவமைப்பவர்கள் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், அழுத்தம் கூடிய அந்த இடத்தில் ஒரு வாயைத் திறந்துவிட்டால், விசிறி சுழலாவிட்டாலும் காற்று தானாகவே உள்ளே தள்ளப்படும் என்பதுதான். காற்றை வீசும் விசிறியான புளோவரை முற்றாக நிறுத்திவிட்டு, வெளிக்காற்று நிலையில் வைத்து, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது டாஷ்போர்ட்டில் உள்ள காற்றுவாயில் கையை வைத்துப் பாருங்கள். மெல்லிய காற்று வந்துகொண்டுதான் இருக்கும்.

இந்தத் தள்ளல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. எங்கள் வெக்கையில் காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1.15 கிலோகிராம் என்று கொண்டால், 40 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தம் சுமார் 70 பாஸ்கல். 80 இல் அது சுமார் 280 பாஸ்கல். வேகம் இருமடங்காக, அழுத்தம் நான்கு மடங்காகிறது. முன் கண்ணாடியின் அடியில் கிடைப்பது இந்த முழு அளவில் ஒரு பங்குதான். முழுவதையும் எடுத்தால்கூட 280 பாஸ்கல் என்பது 28 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீரின் அழுத்தமே. அற்பம் என்று தோன்றும். ஆனால் ஒரு காரின் உள்ளறைக்குள் காற்றை நடமாட வைப்பதற்கு இந்த அற்பமே போதும். காப்பெட் வீதியில் 80 இல் ஓடும்போது முதலாம் இலக்கத்தில் இருக்கும் புளோவர் இரண்டாம் இலக்கத்தில் இருப்பதுபோல் வீசுவதும், கிளிநொச்சி நகருக்குள் வந்து வேகத்தைக் குறைத்ததும் ‘ஏசி குறைஞ்சு போச்சு’ என்று பின்னால் இருப்பவர்கள் சொல்வதும் இதனால்தான். உள்சுழற்சியில் ஓடும்போது இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லாமற் போகும். விசிறி அப்போது உள்ளே இருக்கும் காற்றையே எடுத்து உள்ளேயே விடுகிறது, வெளி அழுத்தத்தோடு அதற்கு அலுவல் இல்லை.

உள்ளே வருகின்ற காற்று வெளியே போகவும் ஒரு வழி வேண்டும். போக வழி இல்லாவிட்டால் வருவதும் நின்றுவிடும். அந்த வழியைப் பலர் வாழ்நாளில் கண்டிருக்கவே மாட்டார்கள், ஏனென்றால் அது பின் பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. டிக்கிக்குள் பக்கத்து உறையைக் கழற்றினால், உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்ரிக் சட்டமும், அதில் மேல் விளிம்பில் மாத்திரம் ஒட்டித் தொங்கும் மெல்லிய இறப்பர் இதழ்களும் தெரியும். உள் அழுத்தம் கூடினால் இதழ்கள் வெளிப்பக்கமாக விலகும். வெளி அழுத்தம் கூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். காற்றுக்கு அது ஒருவழிக் கதவு. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருக்க, காரின் கதவைச் சாத்தும்போது காது அடைக்காமல் இருப்பதற்கும் இந்த இதழ்களே காரணம். பம்பர் உடைந்து மாற்றிய வாகனங்களில் இவை பிய்ந்தும், சில வேளைகளில் பசையோடு வேலை செய்தவர் புண்ணியத்தில் ஒட்டியும் கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

இந்த ஒழுங்கு எப்போதும் இருந்ததல்ல. எங்கள் பகுதிகளில் நெடுங்காலம் வாடகைக்கு ஓடிய மொறிஸ் மைனர், ஏ40 கார்களில் முன் கதவுக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சிறு முக்கோணக் கண்ணாடி இருந்தது. அதைச் சுழற்றி வைக்கும் கோணத்தைப் பொறுத்துக் காற்றை உள்ளே வாரி எடுக்கலாம், அல்லது உள்ளே இருப்பதை உறிஞ்சி வெளியேற்றலாம். கண்ணாடிகளை மூடிய நிலையிலும் காற்று முன்னால் புகுந்து பின்னால் வெளியேறும் முறை பொதுமக்களின் கார்களில் பேசப்படலானது 1964 இல், ஃபோர்ட் நிறுவனம் கோர்ட்டினாவில் ‘ஏரோஃப்ளோ’ என்ற பெயரில் அதைக் கொண்டுவந்த பின்னர்தான். அதில் வெளியேறும் துவாரங்கள் பின் கண்ணாடிக்கு அருகே, பக்கத் தூணில் கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தன. அதே 1964 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில்தான் கடிலாக் நிறுவனம், வேண்டிய வெப்பநிலையை வைத்துவிட்டால் மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் முதலாவது தானியங்கிக் குளிரூட்டலை அறிமுகப்படுத்தியது. முக்கோணக் கண்ணாடி மெல்ல மெல்ல மறைந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஏசி இல்லாத வாகனத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு பிறகு வரவில்லை.

இனிப் புழுதிக்கு வருவோம். கிரவல் வீதியில் தனியாக ஓடும் ஒரு வாகனத்தின் புழுதி எங்கே இருக்கிறது? முன்னால் இல்லை. சில்லுகள் கிளப்பும் மண் பின்னால்தான் எழும்புகிறது. வாகனம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம்போன்ற பகுதி உருவாகி, சுற்றியுள்ள காற்றைச் சுழலாகத் தன்பக்கம் இழுக்கிறது. சில்லுகள் எழுப்பிய புழுதி அந்தச் சுழலுக்குள் அகப்பட்டு வாகனத்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பின்பக்கம் சதுரமாக வெட்டினாற்போல் முடியும் வான்களிலும் வகன் ஆர் போன்ற சிறிய கார்களிலும் இது அதிகம். பின் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதக்கூடிய அளவுக்குச் செம்மண் படிந்திருக்க, முன் கண்ணாடி சுமாராகச் சுத்தமாக இருப்பதை எவரும் காணலாம். அதாவது, தனியாக ஓடும்வரை, காரின் வெளிக்காற்று வாய் இருக்கும் இடம் ஒப்பீட்டளவில் சுத்தமானது. டிக்கிக் கதவு இருக்கும் இடமே அழுக்கானது.

உள்சுழற்சிப் பொத்தானை அழுத்தியதும், முன்னாலிருந்து உள்ளறையை அழுத்தத்தில் வைத்திருந்த அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. ஓடும் வாகனத்தின் பக்கங்களிலும் கூரையிலும் காற்று விரைவாக வழிந்து போவதால் அங்கே உறிஞ்சல் இருக்கிறது. கதவு இடுக்குகள் வழியாக உள்ளே உள்ள காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுபடுகிறது. இழந்ததை ஈடுசெய்ய உள்ளறை வேறு எங்கிருந்தாவது காற்றை எடுத்தாக வேண்டும். டிக்கிக் கதவின் பீடிங், அதாவது விளிம்பைச் சுற்றியுள்ள இறப்பர் பட்டி, கொஞ்சம் நசுங்கியிருந்தாலோ, தரையில் உள்ள இறப்பர் மூடி ஒன்று கழன்றிருந்தாலோ, பின் இதழ்கள் விறைத்து முழுவதும் மூடாமல் இருந்தாலோ, அதுவே வழியாகிவிடுகிறது; அந்த வழியின் வாசலில் புழுதி தயாராகக் காத்திருக்கிறது.

கிளிநொச்சியில் என் காரைப் பார்க்கும் வயதான மெக்கானிக் அண்ணை, புழுதி என்று யார் வந்து முறைப்பட்டாலும் நேரே பின்னுக்குத்தான் போவார். டிக்கிக் கதவைத் தூக்கி, பீடிங்கை விரலால் நீவிக்கொண்டே, “தம்பி, முன்னாலை வாறது காத்து. பின்னாலை வாறதுதான் தூசு” என்பார். அவர் காட்டித் தந்த பிறகு என் காரிலேயே அதைப் பார்த்தேன்: டிக்கிக் கதவின் கீழ் மூலையில், பூட்டுக்கு இடப்பக்கமாக, பீடிங் தட்டையாகிப்போன ஒரு விரற்கடை நீளத்திலிருந்து தொடங்கி, உள்ளே போகப்போக அகன்று விரியும் செம்மண் கறை. மாவாக அரைத்ததுபோன்ற மண். சாதாரணமாகக் கூட்டினால் போகாது, ஈரத்துணி வேண்டும். மற்றைய மூலை சுத்தமாக இருந்தது. எந்த வழியால் காற்று உள்ளே வந்தது என்பதற்கு அந்தக் கறையே சாட்சி. உங்கள் வாகனத்திலும் ஒரு கிரவல் பயணத்துக்குப் பிறகு, கழுவக் கொடுப்பதற்கு முன்னர், டிக்கி விளிம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஊதுபத்தி வைத்தும் இதைச் சோதிக்கலாம். வாகனங்கள் குறைந்த தார் வீதியில், 50 இல் ஓட்டச் சொல்லி, பின் இருக்கையில் இருப்பவர் புகையும் பத்தியை டிக்கிக் கதவின் இடுக்கருகே பிடிக்க வேண்டும். எங்கள் காரில், உள்சுழற்சியில் புகை ஆசனத்தின் பக்கமாக, முன்னோக்கிச் சாய்ந்தது. வெளிக்காற்றைத் திறந்து புளோவரை மூன்றில் வைத்ததும் சிறிது நேரம் தடுமாறிவிட்டு இடுக்கின் பக்கமாகத் திரும்பியது. முன் கதவுக் கண்ணாடியை இரண்டு விரலளவு இறக்கியதும் மறுபடி முன்னோக்கி வந்தது. இந்த மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. முன் கதவுக் கண்ணாடியின் பக்கத்தில் வெளிக்காற்றின் உறிஞ்சல் மிகக் கூடுதல். அதைச் சற்றே திறந்தால் காற்று உள்ளே வருவதாக நாம் நினைக்கிறோம், உண்மையில் உள்ளே இருப்பதைத்தான் அது உருவி எடுக்கிறது. ‘கொஞ்சம் காத்து வரட்டும்’ என்று கிரவலில் முன் கதவுக் கண்ணாடியைச் சிறிது இறக்கும் சாரதி, பின் இருக்கைக்காரரின் மடியில் புழுதியைக் கொண்டுவந்து கொட்டுகிறார்.

ஆகவே கிரவலில் நான் கைக்கொள்ளும் முறை: கண்ணாடிகள் முழுவதும் மேலே, வெளிக்காற்று திறந்து, ஏசி போட்டு, புளோவர் நடுத்தரத்துக்குச் சற்று மேலே. உள்ளறை அழுத்தம் வெளியைவிட மிகச் சிறிதளவேனும் கூடுதலாக இருந்தால், இடுக்குகள் எல்லாவற்றாலும் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. இதற்கு விலக்குகள் உண்டு. முன்னால் ஒரு பஸ்ஸோ மணல் ஏற்றிய ரிப்பரோ போனால் அதன் புழுதி நேரே நம்முடைய வெளிக்காற்று வாய்க்குள் வரும்; அப்போது உள்சுழற்சிதான் சரி, ஆனால் முந்திச் சென்றதும், அல்லது இடைவெளி விட்டதும், திருப்பித் திறந்துவிட வேண்டும். எதிரே வாகனம் வந்தாலும் அவ்வாறே. அதுபோல, நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மூடிவிடுவது நல்லது, ஏனெனில் நாம் நின்றாலும் நமக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த புழுதி நிற்பதில்லை. அது நம்மைக் கடந்து பொனட்டுக்கு மேலால் உருண்டு போகும். வைகாசி, ஆனி மாதங்களில் சோளகம் அடிக்கும்போது, வடகிழக்குப் பக்கமாக ஓடும் வீதிகளில் மெதுவாகப் போனால் காற்று பின்னாலிருந்தே வீசுவதால் சொந்தப் புழுதியே நம்மை முந்திவிடும். அந்த நிலையில் எந்தப் பொத்தானும் முழுமையாக உதவாது. கொஞ்சம் வேகத்தைக் கூட்டுவதுதான் வழி, பள்ளங்கள் அனுமதித்தால்.

இந்த முறைக்கு விலை ஒன்று இருக்கிறது, அது ஏசி பில்டர். வெளிக்காற்று எல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறது. அனேகமான ஜப்பானியக் கார்களில், கையுறைப் பெட்டி என்று நாம் சொல்லும் முன் தட்டுப் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னால் நீள்சதுரச் சட்டமாக இருக்கும். கழற்றுவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கொழும்பு வீதிகளுக்காகச் சொல்லப்பட்ட மாற்றும் காலத்தை வன்னியில் ஓடுபவர்கள் நம்பக் கூடாது. மடிப்புகளுக்கிடையே செம்மண்ணும் ஈசலின் சிறகுகளும் சேர்ந்துவிட்டால் காற்று வருவது குறைந்து, புளோவரை நாலில் வைத்தாலும் இரண்டின் அளவுக்கே வீசும். உள்ளறை அழுத்தமும் அதனோடு போய்விடும். இன்னும் ஒன்று: ஏசி குளிரவில்லை என்று காஸ் நிரப்ப வரும் வாகனங்கள் பலவற்றில் காஸ் சரியாகவே இருக்கும், பில்டர்தான் அடைத்திருக்கும். காஸ் நிரப்பும் காசுக்கு மூன்று நான்கு பில்டர் வாங்கலாம்.

புழுதியை இழுக்கும் அதே உறிஞ்சல் புகையையும் இழுக்கும் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கார்களில் ஏறியவர்களுக்கு, பின் இருக்கையில் அமர்ந்தவருக்கே தலையிடி முதலில் வந்தது நினைவிருக்கும். இன்று அதைவிட மோசமானது, ஹயஸ் வான்களில் நீளமான பைப்புகளையோ மரங்களையோ ஏற்றிப் பின்கதவைக் கயிற்றால் அரைகுறையாகக் கட்டிக்கொண்டு ஓடுவது. திறந்த பின்கதவு, சைலன்சர் விடும் புகையை அந்தச் சுழலோடு உள்ளே அள்ளிக்கொண்டு வரும். அதில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேறு வழியே இல்லாமல் அப்படி ஓட நேர்ந்தால், பக்கக் கண்ணாடிகளை மூடி, டாஷ்போர்ட் காற்றுவாய்கள் அனைத்தையும் திறந்து, வெளிக்காற்றில் புளோவரை உச்சத்தில் வைக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளைத் திறந்தால் புகை வெளியேறும் என்ற எண்ணம் ஆபத்தானது; அவை இன்னும் கூடுதலாகப் பின்னாலிருந்து இழுக்கும்.

உள்சுழற்சிக்கு உரிய இடமும் உண்டு, அது வெக்கை. வெளியே 35 பாகையும் உள்ளே 26 பாகையும் இருக்கும்போது, உள்ளே உள்ள காற்றையே திரும்பக் குளிர வைப்பது ஏசிக்கு இலகு. ஆனால் வெயிலில் நிறுத்தியிருந்த காரை எடுக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கித் திரும்பும் அரை மணித்தியாலத்தில், நிழல் கிடைக்காத காரின் உள்ளே வெளியைவிட 15, 20 பாகை கூடிவிடலாம். அந்த நேரத்தில் உள்சுழற்சியைப் போட்டால், வெளியே இருப்பதைவிடச் சூடான காற்றைக் குளிர்த்தும்படி ஏசியைக் கேட்கிறோம். ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு தரம் ஆட்டிவிட்டு, ஏறியதும் வெளிக்காற்றில் கண்ணாடிகளைத் திறந்தபடி ஒரு நிமிடம் ஓடி, அதன் பிறகு மூடி உள்சுழற்சிக்கு மாறுவதே நல்லது. காற்றுவாய்களை முகத்துக்கு நேரே வைக்காமல் கூரைப் பக்கமாகச் சற்று உயர்த்திவிட்டால், கனமான குளிர்காற்று கூரையோரமாகப் பின்னே சென்று அங்கே இறங்கும். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

புகையிரதக் கடவையில் காத்திருக்கும்போது ஏசி சூடாக வீசுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர்தான் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று அதன் வழியாகப் புகுந்து அந்த வேலையைச் செய்கிறது. நிற்கும்போது அதன் விசிறி மாத்திரமே. இயந்திரத்தின் பெல்ட்டில் சுழலும் கொம்பிரசரும் அப்போது மெதுவாகிவிடும். கண்டென்சரின் மடிப்புகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் நின்ற இடத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பிரியஸ், அக்வா போன்ற டொயோட்டா ஹைபிரிட் கார்களில் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுவதால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

உள்சுழற்சியை மறந்துபோய் மணிக்கணக்கில் விட்டுவிடுவது வேறொரு தொல்லை, இரவில் கொழும்பிலிருந்து வரும் வாகனங்களில் அது ஆபத்தும்கூட. ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். 3,000 லீற்றர் காற்றுள்ள சிறிய காரில் நான்கு பேர் இருந்து, கசிவே இல்லாமல் மூடியிருந்தால், பத்து நிமிடத்தில் பத்து இலட்சத்தில் 4,000 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பது 400 சொச்சம்தான். நடைமுறையில் கசிவு இருப்பதால் இத்தனை விரைவாக ஏறாது, ஆனால் மதவாச்சி தாண்டி வவுனியா வருவதற்குள் பின்னால் எல்லோரும் உறங்கிப்போவதும், சாரதியின் கண் சொருகுவதும் களைப்பினால் மட்டும் அல்ல. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை சில நிமிடங்களுக்கு வெளிக்காற்றைத் திறந்துவிட்டால் போதும். பல தானியங்கி ஏசிகள் வெக்கை கூடியதும் தாமாகவே உள்சுழற்சிக்குப் போய்விடுவதால், நாம் அழுத்தாவிட்டாலும் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தானியங்கி ஏசி பற்றிச் சொல்லும்போது டாஷ்போர்ட்டின் மேலே, முன் கண்ணாடிக்கு அருகில், சிறிய கறுப்புக் குமிழ் ஒன்று இருப்பதையும் சொல்ல வேண்டும். வெயில் எவ்வளவு விழுகிறது என்பதை அளக்கும் உணரி அது. எங்கள் வாகனங்களில் அந்த இடத்தில்தான் பிள்ளையாரும் பூவும் விபூதிப் பொட்டலமும் இருக்கும். பிள்ளையாரை நான் அகற்றச் சொல்லவில்லை. ஒரு சாண் தள்ளி வைத்தால் ஏசிக்கு வெயில் தெரியும்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைக்காலத்தில் பிரச்சினை மறுபக்கம் திரும்புகிறது. நனைந்த உடுப்புகளோடு நாலு பேர் ஏறி, உள்சுழற்சியில் ஏசி இல்லாமல் ஓடினால், மூச்சிலும் துணியிலும் உள்ள ஈரம் எல்லாம் முன் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். துணியால் துடைத்துப் பயன் இல்லை, அடுத்த நிமிடம் மீண்டும் படியும். வெளிக்காற்றைத் திறந்து, ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். ஏசியின் குளிர்ச்சுருளில் ஈரம் நீராகி வடிந்துவிடுவதால் வருவது உலர்ந்த காற்று. குளிர் பிடிக்காவிட்டால் வெப்பநிலையைக் கூட்டிக்கொள்ளலாம், ஏசியை நிறுத்தக் கூடாது. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மழை ஓய்ந்த புழுக்கமான இரவில் ஏசியை உச்சக் குளிரில் வைத்துக் கண்ணாடிக்குத் திருப்பினால், குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி படியும். அதை உள்ளிருந்து எத்தனை தரம் துடைத்தாலும் போகாது. விரலை வைத்து எந்தப் பக்கம் ஈரம் என்று பார்த்துவிட்டு, வெளிப்பக்கம் என்றால் வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பினால் தீர்ந்தது. மழைக்காலத்தில் முன் இருக்கைக்காரரின் காலடியில் தண்ணீர் தேங்கினால் கூரையைச் சந்தேகிப்பதற்கு முன்னர், குளிர்ச்சுருளின் நீர் வெளியேறும் குழாயைப் பாருங்கள்; புழுதிக் காலத்து மண் அங்கே சேறாகி அடைத்திருக்கும்.

ஏசி இல்லாமல் கண்ணாடி திறந்து ஓடுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பின் இருக்கைப் பக்கக் கண்ணாடி ஒன்றை மாத்திரம் திறந்து 60, 70 இல் ஓடும்போது காதுக்குள் குத்துவதுபோல் ஒரு அதிர்வு வரும். வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் ஒலி எழுவதும் இதுவும் ஒரே இயல்பே. காரின் உள்ளறை பெரிய போத்தல் என்பதால், ஒலி காதுக்குக் கேட்பதைவிட உணரப்படும் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. இன்னொரு கண்ணாடியை ஓரளவு இறக்கினால் உடனே நின்றுவிடும்.

கடைசியாக, ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு. பிரியஸ், அக்வா போன்ற கார்களின் பெரிய பற்றரி, தன்னைக் குளிர்த்துவதற்கு உள்ளறைக் காற்றையே உறிஞ்சுகிறது. அதன் காற்றுவாய் பின் இருக்கையின் பக்கத்திலோ அடியிலோ ஒரு சிறிய கம்பிச் சட்டமாக இருக்கும். அங்கே அரிசிப் பையைச் சாய்த்து வைப்பதும், துவாயை விரித்து மூடுவதும் பற்றரியின் மூச்சை அடைப்பதாகும். கண்ணாடிகளைத் திறந்து கிரவலில் ஓடினாலோ, டிக்கிக் கசிவால் புழுதி ஏறினாலோ, அது முதலில் போய்ச் சேர்வது அந்த வாயினுள்ளேதான். அதன் விசிறி இறக்கைகளில் மண் படிந்து காற்று குறைய, பற்றரி சூடாகி, எச்சரிக்கை விளக்கு எரியும்போது செலவு இலட்சக் கணக்கில் நிற்கும். ஏசி பில்டரை மாற்றும்போதெல்லாம் அந்தச் சட்டத்தையும் கழற்றி, அதன் வலையைத் தட்டிச் சுத்தம் செய்து, ஓடை வரண்டுபோகும் காலத்தில் ஒருமுறையாவது விசிறியையும் கழற்றித் துடைக்கச் சொல்லி கராச்சில் கேளுங்கள். காற்றுத் துப்பாக்கியால் வெளியிலிருந்து அடித்துவிட்டுச் சரி என்று சொன்னால் ஏற்க வேண்டாம், அப்படி அடித்தால் மண் பற்றரியின் பக்கமாகத்தான் உள்ளே போகும்.